மகனைப் பெற்றவரின் கணக்கு

தீயவராக இல்லாத ஒருவர் தீமையொன்றுக்குக் காரணராக முடியுமா? அறநூல்களைப் புரட்டுமுன், மகனுடைய கலியாணத்துக்கு நாள் குறித்துவிட்ட ஒரு யாழ்ப்பாணத்துத் தந்தையின் அன்றாட வாழ்வைச் சற்று நோக்குவோம்.

நாம் அறிந்த அத்தந்தை ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கலியாணத்துக்கு இன்னும் ஒரு வாரமே உண்டு. விடியுமுன் எழுந்து, படுக்கையிற் கிடக்கும் தம் தாய்க்குத் தேநீர் ஆற்றிக் கொடுக்கிறார். பந்தற்காரரோடு கூலி பேசுகிறார். பொன்னுருக்கலுக்குரிய நாளையும் நேரத்தையும் பத்தருக்கு மறுபடி நினைவூட்டுகிறார். பின்னேரம் பலகாரச் சூட்டுக்கு அயற்பெண்கள் வந்து கூடுகின்றனர். பயறு வறுபடும் மணம் படலைவரை வருகிறது. அரியதரம் சுடும் அடுப்புக்கு விறகு கொத்திக் கொடுப்பவரும் அவரே. எல்லைவேலிப் பிணக்கினாற் பத்தாண்டுகளாகப் பேசாதிருந்த ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டுக்குச் சைக்கிளிற் சென்று, வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, "எங்கட பொடியன்ர கலியாணம். நீ முன்னுக்கு நிண்டு நடத்தவேணும்" என்று அழைக்கிறார். இவரைத் தீயவர் என்று யார் சொல்வார்?

இரவில், வீடு அடங்கியபின், அவர் ஒரு கொப்பியைத் திறக்கிறார். ஒரு பக்கத்திற் செலவுகள்: பந்தல், மேளம், சமையல், கூறைச்சேலை. மறுபக்கத்தில் ஒரேயொரு வரவு: பெண்வீட்டார் ஒப்படைக்க இசைந்த ரொக்கம். 'டொனேசன்' என்பது அதற்கு வழங்கும் பெயர். கொடுக்காவிட்டாற் கலியாணமே நடவாத ஒன்றுக்கு நன்கொடை என்று பெயரிட்டிருக்கிறோம்! ஆனால் அத்தொகையில் ஒரு சதமேனும் அவருடைய சுகத்துக்கன்று. அதற்கு நேரே அவர் எழுதியிருப்பது, மணமாகாத தம் இளைய மகளின் பெயர்.

பெண்ணின் தந்தைக்கும் ஒரு கணக்கு உண்டு. வெங்காயமும் புகையிலையும் விளைந்த 8 பரப்புச் செம்மண் தோட்டத்தை, அதாவது அரை ஏக்கரை, ஈடுவைத்துப் பெற்ற கடன் அது.

இது நமது வழமை என்பார்கள். 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியில், தொகுக்கப்பட்ட தேசவழமையிலே சீதனம் என்பது பெற்றோர் தம் மகளுக்குக் கொடுக்கும் சொத்து. அது அவளுக்கே உரியது. மாப்பிள்ளையின் பெற்றோர் கையிற் சேரும் ரொக்கம் அதுவன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அரச உத்தியோகமும் நிலத்தைப்போல ஒரு சொத்தாயிற்று. படித்த மகனுக்கு விலை ஏறிற்று. இன்று வெளிநாட்டு வதிவிட உரிமைக்கும் விலை உண்டு. பொருளாதாரம் உண்டாக்கியதை மரபென்று வணங்குகிறோம்.

ஆகவே, தந்தையின் பேராசையென்று பழித்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அவர் ஒரு சங்கிலியின் கண்ணி. எனினும், எல்லாக் கண்ணிகளும் ஒரே வகையின அல்ல. மகளைப் பெற்றவராக நின்று அவர் கொடுக்க மறுத்தால், தண்டனை மகளுக்கே. மகனைப் பெற்றவராக நின்று வாங்க மறுத்தாலோ, அவரைத் தடுப்பார் எவருமில்லை. வாழ்நாளில் அவர் சுதந்திரமாக முடிவுசெய்யக்கூடிய வாரம் இதுவொன்றே.

"அப்படியெண்டால் என்ர பிள்ளையை ஆர் கரைசேர்க்கிறது?" என்று அவர் கேட்பார். அக்கேள்வி பொய்யன்று, அறவுரை அதற்கு விடையாகாது. ஆனால் விடையின் ஒரு பகுதி அவ்வீட்டிலேயே இருக்கிறது. மணமகன் பட்டதாரி, சமத்துவத்தைப் பற்றி மேடையிற் பேசியவன். கொப்பி திறக்கும் வேளையில் மட்டும், "அது அப்பாவின்ர அலுவல்" என்று அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். தந்தை பழியைச் சுமக்க, மகன் தூயவனாக மணவறை ஏறுகிறான். தங்கையின் வாழ்வு அவனுடைய கடமையாயின், அதன் சுமையை இன்னொருவரின் தோட்டம் ஏன் தாங்கவேண்டும்? அத்தங்கைக்குத்தான் வேண்டியது என்ன? தனக்கென ஒரு தொழிலும், தன் துணையைத் தானே தேரும் உரிமையும் அல்லவா?

அம்மகன் நம் வகுப்புகளிலிருந்து சென்றவன். நம்முட் சிலர் அவனேதான். ஆகவே இக்கேள்வி முதலில் நம்மை நோக்கியது. தனியொருவர் மறுத்தால் அவருடைய மகள் அதற்கு விலை கொடுக்க நேரலாம். பலர் சேர்ந்து மறுத்தால் அவ்வச்சம் குறையும். ஒரு பாடசாலையின் இளம் ஆசிரியர் பத்துப்பேர் 'வாங்கோம்' என்று உறுதிபூணட்டும்: பத்துத் தந்தையரின் கொப்பிகளில் அவ்வரவு அற்றுப்போகும், அவர்தம் தங்கையர்க்கும் பத்து வீடுகள் திறக்கும். சாதிவேலியையும் தாண்டத் துணிந்தால் இன்னும் பல வீடுகள் திறக்கும்.

அந்தத் தந்தை இன்றிரவும் கொப்பியைத் திறப்பார். அடுத்த அறையிலிருக்கும் மகன் எழுந்துவந்து அவரருகே அமரவேண்டும். அந்த ஒரு வரியைத் தன் கையாலேயே வெட்டவேண்டும். பொன் உருகுவதற்கு இன்னும் நாளிருக்கிறது.