ஐம்பத்தைந்து வயதில் ஒரு ஷெரீஃப்

1971 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை மணிக்கு அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘கேட்ஸ் கவுண்டி’ என்ற புதுத் தொடர் ஆரம்பமானது. அதில் சாம் கேட் என்ற ஷெரீஃபாக வந்தவர் கிளென் ஃபோர்டு. அப்போது அவருக்கு வயது 55. அடுத்த ஏப்ரலில் 24 பாகங்களோடு தொடர் நின்றுவிட்டது. ஃபோர்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தொடரை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். அந்த ஒரு வரியிலும் ‘சினிமாவில் மார்க்கெட் போன பிறகு’ என்ற இழுவை இருக்கும்.

அந்த இழுவையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் உயரத்தில் இருந்த ஒருவர் பிற்பாடு சின்ன இடத்தில் போய் வேலைக்கு உட்கார்ந்தால், ஊர் அவரைப் பற்றி இப்படித்தான் பேசும். உச்சத்துக்குப் பிறகு ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? கௌரவமாக ஒதுங்கிவிட வேண்டுமா, கிடைத்த இடத்தில் வேலையைத் தொடர வேண்டுமா? எனக்கு வயது ஏற ஏற இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அதை யோசிக்கும்போதெல்லாம் என் மனசு இந்த மறந்துபோன தொடரிடம் போய் நிற்கிறது.

ஃபோர்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1916-ல் பிறந்தவர். அப்பா ரயில்வேக்காரர். சிறுவயதிலேயே குடும்பம் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்காவுக்கு வந்துவிட்டது. 1946-ல் ரீட்டா ஹேவொர்த்துடன் நடித்த ‘கில்டா’ அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது. 1953-ல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘தி பிக் ஹீட்’, 1955-ல் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’, 1957-ல் ‘3:10 டு யூமா’. அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்களிடம் அப்போது ஆண்டுதோறும் எடுத்துவந்த வாக்கெடுப்பில், 1958-ல் வசூல் நட்சத்திரங்களில் முதல் இடம் இவருக்குத்தான். ஆனாலும் ஆஸ்கர் விருதுக்கு இவர் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. அதற்குக் காரணம் அவர் நடிக்கும் விதம் என்பது என் எண்ணம். அவர் நடிப்பது வெளியே தெரியாது.

‘3:10 டு யூமா’வைப் பார்த்தவர்களுக்கு அந்த ஹோட்டல் அறை நினைவிருக்கும். வறட்சியில் நொந்துபோன ஒரு விவசாயி, 200 டாலர் கூலிக்காக ஒரு கொள்ளைக்காரனை ரயில் வரும்வரை காவல் காக்கிறான். விவசாயியாக வான் ஹெஃப்லின், கொள்ளைக்காரனாக ஃபோர்டு. கையில் விலங்கோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல் மெதுவாகப் பேசிப் பேசியே அவன் அந்த விவசாயியின் மனதைக் கரைக்கப் பார்க்கிறான். குரல் உயராது. மிரட்டல் கிடையாது. துப்பாக்கி பிடித்திருப்பவனுக்கு வியர்க்கிறது. விலங்கு பூட்டியவன் நிம்மதியாக இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நடிப்பு அது. வரவேற்பறையில் நாலடி தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு அந்த நடிப்பு இயல்பாகவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றும்.

‘தி பிக் ஹீட்’டில் அவர் துப்பறியும் போலீஸ்காரர், ‘யூமா’விலும் வேறு பல படங்களிலும் குதிரையேறிய மனிதர். சாம் கேட் பாத்திரத்தில் இந்த இரண்டு வம்சமும் ஒன்று சேர்ந்தது. தொடரின் காலம் அன்றைய நிகழ்காலம். இடம் தென்மேற்கு அமெரிக்காவில் மாட்ரிட் என்ற கற்பனைக் கவுண்டி. ஷெரீஃப் குதிரையை விட்டு ஜீப்புக்கு வந்துவிட்டார். விசாரணை, ஆதாரம், கைது என்று போலீஸ் கதை. பின்னால் பாலைவனமும் பண்ணைகளும் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலமும். இசை ஹென்றி மான்சினி. தொடர் மகத்தானது என்று சொல்ல மாட்டேன். சில கதைகள் பழகிய தடத்திலேயே போகின்றன. பிற்பாடு சில பாகங்களை ஒட்டி முழுநீளப் படங்களாகவும் ஆக்கினார்கள். ஆனால் நான் பார்த்த பாகங்களில் ஃபோர்டு வேலையை அலட்சியமாகச் செய்த காட்சி ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டு அவர் மட்டும் இப்படி வரவில்லை. அதே பருவத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்.பி.சி.யில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் பேராசிரியராக வந்தார். ஏ.பி.சி.யில் ஆன்டனி க்வின் மேயராக வந்தார். ஹென்றி ஃபோண்டா போலீஸ் அதிகாரியாக நடித்துக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர்காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அமெரிக்கக் குடும்பம் எட்டரை மணிக்கு ஒரு சேனலில் ஸ்டூவர்ட்டையும், ஒன்பதரைக்கு இன்னொரு சேனலில் ஃபோர்டையும் பார்த்திருக்க முடியும். இருபது ஆண்டுகளுக்கு முன் இவர்களைப் பார்க்க அதே குடும்பம் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றிருக்கும். நான் சொன்ன இந்தத் தொடர்கள் எல்லாமே 1972-ல் முடிந்துபோயின. ராக் ஹட்சனின் ‘மெக்மில்லன் அண்ட் ஒய்ஃப்’ மட்டும் தப்பித்து 1977 வரை ஓடியது.

காற்றும் எதிர்த் திசையில்தான் வீசியது. விளம்பரதாரர்கள் நகரத்து இளைஞர்களைத் தேடினார்கள். கிராமத்துக் கதைகளையும் வயதானவர்கள் விரும்பும் நிகழ்ச்சிகளையும் சி.பி.எஸ். 1971-ல் வரிசையாக நிறுத்தியது. ‘கிரீன் ஏக்கர்ஸ்’, ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’, எட் சல்லிவன் ஷோ எல்லாம் அந்த ஆண்டில் போனவை. அதே நிறுவனம்தான் அதே ஆண்டில் தொப்பி போட்ட ஒரு நாட்டுப்புற ஷெரீஃபை ஞாயிற்றுக்கிழமை இரவில் கொண்டுவந்து வைத்தது. போதாக்குறைக்கு எதிர்ச் சேனலில் ஒன்பது மணிக்கு ஆரம்பித்த ‘பொனான்ஸா’ பாதி ஓடியிருக்கும். தொடர் நின்றதற்கு இதெல்லாம் போதும். அதை ஒரு மனிதரின் வீழ்ச்சியாகக் கதை கட்ட வேண்டியதில்லை.

ஓராண்டுதானே என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒருமணி நேரத் தொடரில் விளம்பரம் போக ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மிஞ்சும். 24 பாகங்கள் என்றால் இருபது மணி நேரம். சாதாரண நீளமுள்ள பத்துப் படங்களுக்கு மேல் அது. உச்சத்தில் இருந்த எந்த ஆண்டிலும் ஃபோர்டு இவ்வளவு நேரம் திரைக்கு வேலை செய்ததில்லை. விடியற்காலையில் எழுந்து, வசனம் படித்து, வெயிலில் நின்று, மறுநாளும் அதையே செய்யும் உழைப்பு அது. ஐம்பத்தைந்து வயதில், பெயரும் காசும் சேர்த்துவிட்ட ஒருவர் அதை ஏற்றுக்கொண்டாரே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

யாரோடு ஏற்றுக்கொண்டார் என்பது அதைவிடப் பெரிது. ஷெரீஃப் அலுவலகத்தில் மூத்த துணை ஷெரீஃபாக எட்கர் புக்கானன். 1903-ல் பிறந்தவர்; படித்தது பல் மருத்துவம். முப்பது வயதுக்கு மேல் நடிப்பில் ஆசை பிடித்துப்போக, பல் மருத்துவரான மனைவியிடமே கிளினிக்கை ஒப்படைத்துவிட்டு சினிமாவுக்கு வந்தார். 1941-ல் ‘டெக்ஸாஸ்’ படத்தில் இளைஞரான ஃபோர்டோடு நடித்தார். அதில் அவருக்கு ஊர்ப் பல் மருத்துவர் வேடம். அதன்பின் பல படங்களில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். 1963 முதல் 1970 வரை ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ தொடரில் ஜோ மாமாவாக அமெரிக்க வீடுகளுக்குப் பழகியிருந்தார் புக்கானன். அந்தத் தொடர் நிறுத்தப்பட்ட மறு ஆண்டே பழைய நண்பரின் ஷெரீஃப் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். முப்பது ஆண்டு சிநேகம். ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் இடையில் இருவரும் விடுகிற அந்த மௌனத்தை எந்த இயக்குநராலும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

அந்த அலுவலகத்தில் இன்னொரு துணை ஷெரீஃப் பீட். நடித்தவர் ஃபோர்டின் ஒரே மகன் பீட்டர் ஃபோர்டு, 26 வயது. பீட்டரின் அம்மா எலினார் பவல், டாப் நடனத்தில் அந்தத் தலைமுறையின் முதல் பெயர். திருமணத்தோடு சினிமாவைக் குறைத்துக்கொண்டவர், ஐம்பதுகளில் குழந்தைகளுக்கான பைபிள் நிகழ்ச்சி ஒன்றை உள்ளூர்த் தொலைக்காட்சியில் நடத்தினார். சின்ன இடத்தில் முழு மனதோடு வேலை செய்வதற்கு அந்த வீட்டிலேயே முன்மாதிரி இருந்தது. 1959-ல் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். பிற்காலத்தில் பீட்டர் எழுதி 2011-ல் வெளிவந்த அப்பாவின் வாழ்க்கை வரலாறு, அப்பாவின் குறைகளை மூடி மறைக்கிற புத்தகம் அல்ல. அப்படிப்பட்ட ஓர் அப்பாவும் மகனும் ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தில் வேலை செய்திருக்கிறார்கள். படம் படமாக ஓடிக்கொண்டிருந்த உச்ச நட்சத்திரத்தால் மகனுக்கு அதைத் தந்திருக்க முடியுமா?

என் அப்பா மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் எங்கள் ஊர் டுட்டோரியல் ஒன்றில், பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தப் போனார். மாடியில் தகரக் கூரை போட்ட அறை. உறவில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, “ஹெட்மாஸ்டரா இருந்த மனுஷன், டுட்டோரியல்ல போய் நிக்கணுமா? பென்ஷன்தான் வருதே, என்ன குறைச்சல்?” என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, “ஹெட்மாஸ்டரா இருந்தப்ப கையெழுத்துப் போடத்தான் நேரம் இருந்தது மாமா. கணக்கு இப்பத்தான் நடத்துறேன்” என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் டிபன் கேரியரைக் கழுவினாள்.

பதவி உயர உயர, நாம் விரும்பிச் சேர்ந்த வேலை நம் கையைவிட்டு நழுவுகிறது. ஆசிரியர் நிர்வாகியாகிறார், நல்ல மருத்துவர் மருத்துவமனைக் கூட்டங்களில் உட்காருகிறார், நிருபர் ஆசிரியராகி விளம்பரக் கணக்கு பார்க்கிறார். நாற்காலி போன பிறகு வேலை திரும்பக் கையில் கிடைக்கிறது. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லவைப்பது ஊரார் வாய். பசியோ கடனோ துரத்தி, முடியாத வயதிலும் வேலைக்குப் போகிறவர்களின் கதை வேறு. அது ஒரு சமூகம் வெட்கப்பட வேண்டிய விஷயம். நான் பேசுவது, வேலையைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களைப் பற்றி.

தொடர்வதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. மாலைக்கும் மேடைக்கும் பழகிப்போய், புது இடத்திலும் பழைய மரியாதையையே கேட்டு அடம்பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் அந்த இடத்துக்கும் நிம்மதியில்லை, அவர்களுக்கும் இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். வந்த இடத்தின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ள அவருக்குத் தெரிகிறதா? தன்னோடு யாரை அழைத்து வந்திருக்கிறார்? ஃபோர்டு பழைய நண்பரோடும் மகனோடும் வேலை செய்தார். காதல் கதாநாயகனாக வேஷம் கட்டாமல், தன் வயதுக்குரிய ஷெரீஃபாக நின்றார்.

இதற்கு ஃபோர்டின் அப்பாவுக்கும் பங்குண்டு. மகன் நடிகனாக விரும்பியபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் வேறொரு தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு காரைப் பிரித்துப் பூட்டத் தெரிய வேண்டும், ஒரு வீட்டை அடி முதல் நுனி வரை கட்டத் தெரிய வேண்டும். மகன் கற்றுக்கொண்டான். கூரை வேலையும் கண்ணாடி பொருத்தும் வேலையும் பார்த்தான். நட்சத்திரமான பிறகும் தன் வீட்டுக் குழாய் வேலையையும் மின் வேலையையும் ஃபோர்டு தானே செய்தார். கையால் வேலை செய்து பழகிய மனிதருக்கு வேலையில் பெரிது சிறிது பார்க்கத் தோன்றாது என்று நம்புகிறேன். பேரன் பீட்டரும் நடிப்பை விட்டபின் கட்டட ஒப்பந்தத் தொழிலுக்குத்தான் போனார்.

‘கேட்ஸ் கவுண்டி’ நின்ற பிறகும் ஃபோர்டு ஓய்ந்துவிடவில்லை. 1975-ல் இன்னொரு தொடரில் கிராமத்துப் பாதிரியாராக நடித்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1978-ல் ‘சூப்பர்மேன்’ வந்தது. வானத்திலிருந்து விழுந்த பிள்ளையை எடுத்து வளர்க்கும் ஜொனாதன் கென்ட் வேடம். சில நிமிடங்களே வருவார். பண்ணைச் சாலையில் மகனோடு பேசிவிட்டு நடக்கிறவர், மாரடைப்பில் சரிந்து விழுவார். அந்தப் படத்தை நான் மதுரையில் பார்த்தேன். பறக்கிற மனிதனைப் பார்க்கப் போன எனக்கு, நடந்துபோன அந்தப் பெரியவர்தான் நெடுநாள் மனதில் இருந்தார். அவர் யார், ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய நட்சத்திரம் என்பதெல்லாம் அந்தத் தியேட்டரில் எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர் என்னைத் தொட்டார்.

2006 ஆகஸ்ட் 30 அன்று, தொண்ணூறு வயதில் ஃபோர்டு இறந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது ‘கில்டா’வையும் ‘யூமா’வையும் சொல்லுங்கள், கூடவே இந்த 24 பாகங்களையும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள் என்பேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். பெரிய பொறுப்பிலிருந்து இறங்கிய அப்பாவோ, அத்தையோ, அண்ணனோ, ஒரு சின்ன இடத்தைச் சொல்லி, “நாளையிலேர்ந்து அங்கே போகலாம்னு இருக்கேன்” என்று தயங்கித் தயங்கிச் சொல்லலாம். இந்த வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.