தெரியாததைத் தேடுவது எப்படி?

தெரிந்த பொருளைத் தேட வேண்டியதில்லை. தெரியாத பொருளோ கைக்கு வந்தாலும் அதுதான் என்று தெரியாது. அப்படியானால் தேடல் என்ற ஒன்று எப்படி நிகழ்கிறது? பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில் எழும் இந்தக் கேள்வி, மதுரையின் பழங்கதை ஒன்றுக்குள்ளும் இருக்கிறது.

இறையனார் களவியலின் உரை அக்கதையைச் சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்ததும் பாண்டியன் புலவர்களைத் தேடி ஆள் அனுப்புகிறான். எழுத்து, சொல், யாப்பு வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளிலக்கணம் வல்லவர் அகப்படவில்லை. மற்றவை எல்லாம் பொருளுக்காகவே என்று அறிந்திருந்ததால்தான் மன்னன் கலங்குகிறான். அறியாதவனுக்கு அந்தக் குறையே தென்பட்டிருக்காது. மதுரை ஆலவாயில் உறையும் சிவபெருமான் அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே இடுகிறார். நூல் கிடைத்தும் தேடல் ஓயவில்லை. ஆளுக்கோர் உரை செய்ததால் மெய்யுரை எது என்ற வழக்கு எழுகிறது. அதைத் தீர்ப்பவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன். புலவர்களில் ஒருவரான நக்கீரரின் உரையைக் கேட்கையில் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்க்கிறான். வாதிடத் தெரிந்தவனை விட்டு, கேட்டதும் இனங்காணத் தெரிந்தவனை நடுவராக்கியதுதான் இக்கதையின் ஆழம். அவன் முருகனின் கூறு என்கிறது கதை. அதாவது, இனங்காணும் அறிவும் இறைவனிடமிருந்தே வருகிறது.

சைவ சித்தாந்தம் இதையே கோட்பாடாக்குகிறது. கண் தானாகக் காணாது, உயிர் உடன்நின்றால்தான் காணும்; உயிரும் அப்படியே, இறைவன் உடன்நின்றால்தான் அறியும். இறைவனின் இந்த உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாகச் சொன்னது நுட்பமானது. பொருளை முன்னே வைத்தால் மட்டும் போதாது. காண்பவரோடு சேர்ந்து காணவும் வேண்டும்.

இந்த இறையருளை ஏற்காதவரும் தேடலில் முன்னறிவின் பங்கை மறுக்க இயலாது. கல்வெட்டுகளைப் படித்த கதையே அதற்குச் சான்று. மதுரையை அடுத்த மாங்குளம் குன்றின் பிராமிக் கல்வெட்டுகளை ராபர்ட் சூவெல் 1882-இல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளைப் பிராகிருதமாகப் படிக்க முயன்றவர்களுக்கு அவை பிடிபடவில்லை. ற, ன, ழ, ள எழுத்துகளை அடையாளம் கண்டு, மொழி தமிழே என்று 1924-இல் நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். பின்னர் ஐராவதம் மகாதேவன் மாங்குளம் கல்வெட்டுகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். கணிநந்தர் என்னும் சமண முனிவருக்கு அவன் பணியாளர் செய்வித்த அறச்செயல் தெரியவந்தது.