முன்னோர் பெயரும் முரண்படும் ஏடுகளும்

நம்மில் பெரும்பாலோருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். பாட்டனாரின் பாட்டனார் யார் என்று கேட்டால் விழிப்போம். அது குற்றமன்று. ஆனால் தேடப் புறப்பட்ட பிறகு, கையில் கிடைக்கும் ஏடுகள் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசினால் என்ன செய்வது? நமக்கு இனிப்பதை வைத்துக்கொண்டு, கசப்பதைக் கிழித்து எறிந்துவிடலாமா?

இதை வெறும் வீட்டுக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. சொத்தில் யாருக்குப் பங்கு, யார் யாருக்கு மஹ்ரம், யாரை யார் நிகாஹ் செய்யலாம், செய்யக் கூடாது என்பவை எல்லாம் நஸப் என்னும் வம்சத் தொடர்பை ஒட்டியே நிற்கின்றன. ஆகவே இது மார்க்கப் பிரச்சினையும் ஆகும். மனச்சாட்சியின் பிரச்சினையும் ஆகும்.

உறவைப் பேணுவதற்குத் தேவையான அளவு வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். அதே நாயகம் (ஸல்) அவர்கள், தெரிந்துகொண்டே தன் தந்தையல்லாத ஒருவரைத் தந்தை என்று உரிமை கொண்டாடுபவனைக் கடுமையாக எச்சரித்தும் இருக்கிறார்கள். அமலில் பின்தங்கியவனை அவனது வம்சம் முன்னுக்குத் தள்ளிவிடாது என்றும் உணர்த்தியிருக்கிறார்கள். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குரிய எல்லை விளங்கிவிடும். தேடலாம், தேடவும் வேண்டும். பொய் கலக்கக் கூடாது. கிடைத்ததைக் கொண்டு பெருமையடிக்கவும் கூடாது.

ஏடுகள் ஏன் முரண்படுகின்றன? எல்லாம் வஞ்சகத்தால் அல்ல. தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்து மஹல்லாக்களை எண்ணிப் பாருங்கள். தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து துறைமுகத்தையும் வியாபாரத்தையும் நம்பி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கு வாழ்கிறார்கள். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவர்களும், 1962-க்குப் பின் அங்கிருந்து கப்பலேறியவர்களும் வடசென்னையில் குடியேறினார்கள். எத்தனை தஸ்தாவேஜுகள் வழியிலேயே போயிருக்கும்!

பெயரையே எடுத்துக்கொள்வோம். முஹ்யித்தீன் என்ற ஒரே பெயரை மைதீன், மொய்தீன், முகைதீன் என்று எழுத்தருக்கு எழுத்தர் மாற்றி எழுதியிருப்பார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஆகவே ஒரே வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். பாட்டனார் வாங்கிய மனையைப் பேரன் வாங்கியதாக நினைத்துவிட இது ஒன்றே போதும். தலைப்பெழுத்தோ, சிலருக்குத் தந்தையைக் குறிக்கும். சிலருக்கு ஊரைக் குறிக்கும். பள்ளிக்கூடத்தில் எழுதிய பிறந்த தேதி, பல வீடுகளில், பிள்ளையைச் சேர்ப்பதற்கு வயது காணாமல் எழுதிய தேதி.

வயதுக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு, ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயதானவருக்கு ஆங்கிலக் கணக்கில் 64 வயதே ஆகும். மீஸான் கல்லில் ஒரு வயதும் முனிசிபாலிட்டிச் சான்றில் வேறொரு வயதும் இருந்தால், உடனே ஒன்றைப் பொய் என்று சொல்லிவிடுவது அவசரம். இரண்டும் மெய்யாக இருக்கலாம்!

முரண்படும் செய்திகளை எப்படி அணுகுவது என்பதில் நம் மார்க்க மேதைகளைவிட ஆழ்ந்து உழைத்தவர் யார்? ஹதீஸ்கள் இரண்டு வெளித்தோற்றத்தில் மோதுவதுபோல் தெரிந்தால் அவர்கள் எடுத்த படிகளை மத்ரஸா மாணவர் அறிவர். இரண்டையும் இணைத்துப் பொருள் காண இயலுமா என்று பார்ப்பார்கள், அது ஜம்உ. இயலாவிட்டால் வலுவானதைத் தேர்வார்கள், அது தர்ஜீஹ். அதற்கும் வழியில்லை என்றால் தீர்ப்புக் கூறாமல் நிறுத்திக்கொள்வார்கள், அது தவக்குஃப். நம் வீட்டு ஏடுகளுக்கும் இந்த ஒழுங்கைப் பொருத்திப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரில் மணமகளின் தந்தை ‘மீரான்’ என்றிருக்கிறது. கிரயப் பத்திரத்தில் ‘காதர்’ என்றிருக்கிறது. கபுறுஸ்தானில் மீஸான் கல்லில் ‘காதர் மீரான்’ என்று வெட்டியிருக்கிறது. இங்கே சண்டைக்கு இடமேது? மூன்றும் ஒருவரையே சொல்லக்கூடும். முகவரியும் ஆண்டும் ஒத்து வந்தால் அம்முடிவு உறுதிப்படும். இது ஜம்உ.

வேறொரு வீட்டில், பெரியவர் இறந்த ஆண்டு இரண்டு விதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இறந்த அந்த வாரத்திலேயே பதிந்த இறப்புப் பதிவு. மற்றொன்று, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சொத்து வழக்குக்காக எழுதிய மனு. எதை ஏற்பது? நிகழ்ச்சிக்கு அருகில் எழுதியது எது, நேரில் அறிந்தவர் சொன்னது எது, சொன்னவருக்கு அதில் இலாபம் உண்டா என்று கேட்டால் விடை தானே வரும். இது தர்ஜீஹ்.

நிறுத்திக்கொள்வதற்கு நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்களின் வம்சமே சான்றாக இருக்கிறது. அத்னான் வரையிலுள்ள வரிசையில் வம்ச நூலார் ஒருமித்திருக்கிறார்கள். அதற்கு மேல் இஸ்மாயீல் (அலை) அவர்கள் வரையிலுள்ள பெயர்களில் கருத்து வேறுபாடு மிகுதி. அவர்களின் வழித்தோன்றலே நாயகம் (ஸல்) என்பதில் ஐயமில்லை. இடையிலுள்ள பெயர்களில்தான் வேறுபாடு. உலகமே ஆராய்ந்த வம்சத்திலேயே அறிஞர்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டார்கள் என்றால், நம் வீட்டு ஷஜராவில் ஓரிடத்தைக் காலியாக விடுவதால் நமக்கு என்ன இழிவு வந்துவிடப் போகிறது?

இனி, தண்டையார்பேட்டை என்ற பெயரையே பார்ப்போம். மெய்ஞ்ஞானி குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தவர்கள். பிறந்த ஆண்டை 1788 என்று எழுதியவரும் உண்டு. 1792 என்று எழுதியவரும் உண்டு. வடசென்னையில் தவ வாழ்வு வாழ்ந்து 1838-இல் மறைந்தார்கள். தொண்டியிலிருந்து வந்த அவர்களைத் ‘தொண்டியார்’ என்று மக்கள் அழைத்ததாகவும், அதனால் இவ்வட்டாரம் தொண்டியார்பேட்டையாகிப் பின் தண்டையார்பேட்டை என மருவியதாகவும் வழிவழியாகச் சொல்கிறோம்.

ஆனால் சென்னையின் சரித்திரத்தில் இன்னோர் ஏடு இருக்கிறது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மானியமாகக் கிடைத்தது. மஸ்தான் சாஹிபு அவர்களின் பிறப்பை 1788 என்றே வைத்துக்கொண்டாலும், அதற்கு 95 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர்ப் பெயர் வழங்கியிருக்கிறது. அப்படியானால் பெயர் அன்னாரால் வந்தது என்ற கூற்று நிற்காது.

இதைக் கேட்டுச் சிலர் மனம் நோகலாம். நோக வேண்டியதில்லை. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி கழன்றது என்பதால் எல்லாக் கண்ணிகளும் பொய்யாகிவிடா. அன்னார் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தது, இங்கு வாழ்ந்தது, முஸ்லிமல்லாத அறிஞர்களும் அவர்களிடம் அன்பு பூண்டது ஆகிய எதையும் 1693-ஆம் ஆண்டின் ஏடு மறுக்கவில்லை. ஊர்ப்பெயரால் உயர்ந்தவர்கள் அல்லர் அவர்கள். ஊர்ப்பெயர் கைநழுவியதால் தாழ்ந்துவிடவும் மாட்டார்கள். வீட்டுக் கதைகளையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். “எங்கள் பாட்டனார் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்” என்பதில் கப்பல் உண்மையாக இருக்கலாம். அது கொழும்பிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம்!

ஏடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விடை போதுமா என்பது அடுத்த கேள்வி. மக்கா வெற்றியின் ஆண்டில் நடந்த ஒரு வழக்கை ஸஹீஹான ஹதீஸ்களில் காண்கிறோம். ஸம்ஆ என்பவரின் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையை, தம் சகோதரர் உத்பாவின் மகன் என்று ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) உரிமை கோரினார்கள். அப்படி உத்பாவே தம்மிடம் சொல்லியிருந்ததாகக் கூறினார்கள். ஸம்ஆவின் மகன் அப்து (ரலி) அவர்களோ, “இவன் என் தந்தையின் வீட்டில் பிறந்த என் சகோதரன்” என்றார்கள். பிள்ளையின் சாயல் உத்பாவைப்போல் இருந்தது. எனினும் நாயகம் (ஸல்) அவர்கள், பிறப்பு எவருடைய உரிமையில் நிகழ்ந்ததோ அவருக்கே பிள்ளை என்று தீர்ப்பளித்து, அப்துவிடமே ஒப்படைத்தார்கள். அதே சமயம், தம் துணைவியாரும் ஸம்ஆவின் மகளுமான ஸவ்தா (ரலி) அவர்களை அப்பிள்ளைக்கு முன் திரையிட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

எத்தகைய நுட்பம்! வம்சம் சட்டப்படி நிலைநிறுத்தப்பட்டது. ஒரு குழந்தை தந்தையற்றதாக ஆக்கப்படவில்லை. சாயல் எழுப்பிய ஐயத்துக்கோ பேணுதல் என்ற அளவில் மட்டும் இடம் அளிக்கப்பட்டது. இதிலிருந்து நாம் இரண்டு பாடங்களைப் பெறுகிறோம். ஊரறிய நிலைத்த வம்சத்தை ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டு உடைத்துவிட முடியாது. உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் பொது விதியன்றோ? ஆனால் மணம் பேசும் வீட்டில், பாட்டனாரின் இரண்டாம் நிகாஹ் வழியாக இரத்த உறவு இருக்கலாம் என்றோ, பால்குடி உறவு இருக்கலாம் என்றோ நம்பத்தக்க பேச்சு எழுந்தால், “காகிதத்தில் இல்லையே” என்று தள்ளிவிடாமல் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே தக்வா.

பழைய ஏட்டில் ஒரு களங்கம் தென்பட்டால் அதைத் தெருவில் விரிப்பதும் ஆராய்ச்சி ஆகாது. தம்மைக் காத்துப் பேச முடியாத மையித்துகளின் மானம் நம்மிடம் அமானிதமாக இருக்கிறது. பங்குரிமையோ நிகாஹோ அதனைச் சார்ந்திருந்தால் உரியவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். இல்லையேல் மூடிவைக்க வேண்டும். மறைப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. முன்னது சில வேளை கடமை. பின்னது எவ்வேளையும் பாவம்.

மாற்றி எழுதும் ஆசை இன்று பல வாசல்களில் நிற்கிறது. 2007-இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தபின், சாதிச் சான்றில் எழுதும் ஒரு சொல்லுக்கு விலை ஏறிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பிரிவு, தாலுகா அலுவலகத்தில் வேறொரு பிரிவு என்றால், பிள்ளைகள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய பட்டியலில் தந்தை பெயரையும் தாய் பெயரையும் தேடி எத்தனையோ வீடுகள் அலைந்தன. எழுத்துப் பிழையால் பெயர் ஒத்துவராத நிலையில், ஒத்துவரும் வேறொருவரைத் தந்தை இடத்தில் எழுதிவிடலாமே என்ற யோசனை யாருக்கேனும் தோன்றினால், அது மேலே சொன்ன எச்சரிக்கையின் வாசலில் கால் வைப்பதாகும். பிழையைத் திருத்த மனு உண்டு. தந்தையைத் திருத்த மனு ஏது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மானியம் வழங்குவதற்காகத் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, வம்ச ஞானம் மிக்க அகீல், மக்ரமா, ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரிடம் எழுதும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்கள் நாயகத்தின் குடும்பத்தாருக்குப் பின் அபூபக்ர் (ரலி) குடும்பத்தையும், அடுத்து உமரின் குடும்பத்தையும் எழுதி வந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. நாயகத்துக்கு நெருக்கமான உறவின் வரிசையிலேயே எழுதி, தம் குடும்பம் எங்கே வருகிறதோ அங்கேயே வைக்குமாறு பணித்தார்கள். அதிகாரம் கையில், ஏடு கையில், எழுதுவோரும் தாமாகவே உயர்த்தி எழுதினார்கள். அப்போதும் வரிசையை வளைக்க மனம் இல்லை. நம் வீட்டு ஷஜராவை எழுதும்போது இந்த நிகழ்ச்சி நினைவில் இருந்தால் போதும்.

ஆகவே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பெயருக்கு எதிரே, அது எங்கிருந்து கிடைத்தது, எந்த ஆண்டில் எழுதியது, சொன்னவர் யார் என்று குறித்து வையுங்கள். இரண்டு செய்தி கிடைத்தால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள். வீட்டு மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், இன்றே கேளுங்கள். ஆண்கள் எழுதிய ஏட்டில் பெண்களின் பெயர்களே முதலில் மறைகின்றன. தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். பின்னால் வரும் பேரனோ பேத்தியோ அதை நிரப்பலாம். பொய்யால் நிரப்பிவிட்டால் அவர்கள் தேடவே மாட்டார்கள்.

வல்ல ரஹ்மான் நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, நம் எழுத்திலும் நாவிலும் வாய்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.