வெறுமையான இடக்கை

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் எங்கோ கிடைத்த பெண் தெய்வச் சிலை இவள். ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டு. வெண்கல வார்ப்பு, மேலே பொன்முலாம், உயரம் 143 சென்ரிமீற்றர். இலங்கை ஆளுநராக இருந்த பிரவுண்ரிக் கொண்டுபோய், 1830இல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மார்பு திறந்திருந்ததால் பல காலம் பொதுமக்கள் கண்ணில் காட்டாமல் உள்ளே வைத்திருந்தார்கள்.

முன்பு அவளைப் பத்தினி தெய்வம் என்றார்கள். எங்கள் கண்ணகை அம்மனைச் சிங்களவர் அழைக்கும் பெயர் அது. இப்போது தாரா என்கிறார்கள், மகாயான பௌத்தரின் கருணைத் தெய்வம். இந்தப் பெயர் மாற்றத்திலேயே என் மனம் நிற்கிறது.

*

வலக்கை தாழ்ந்திருக்கிறது, உள்ளங்கை நம்மை நோக்கி: வரத முத்திரை. இடக்கை முழங்கையில் மடங்கி, விரல்கள் எதையோ பிடித்த வளைவில். பிடித்த பொருள் இல்லை. தாமரையாக இருக்கலாம் என்கிறார்கள். உயர்ந்த சடைமுடியின் முன்புறம் ஒரு குழி. அதில் மணி இருந்ததோ, சிறு புத்தர் உருவம் இருந்ததோ. கையில் கண்ணகையின் சிலம்பு இல்லை என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கையே வெறுமை. முடியும் முத்திரையும் நிற்கும் நிலையும் அக்காலத்துப் பௌத்தப் படிமங்களோடு சேரும்போதுதான் தாரா தெரிகிறாள்.

*

பொருள் இழந்த இந்தக் கைக்கு மாறாக, ஓவியர் யான் வன் ஐக் 1434இல் தீட்டிய அர்னொல்பீனி தம்பதியின் ஓவியத்தில் எல்லாப் பொருளும் அப்படியே இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் எரியும் ஒற்றை மெழுகுதிரி, காலடியில் நாய்க்குட்டி, கழற்றிப் போட்ட பாதணி. கலை வரலாற்றாளர் எர்வின் பனோவ்ஸ்கி 1934இல் இவற்றைக் கூட்டிப் படித்து, இது திருமணத்துக்கான சாட்சி என்றார். பின்வந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நாய் வீட்டு நாயாகவே இருக்கலாம் என்றார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் பிடிக்கிறது. ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்ல, அதே காலத்தார் அதை அப்படிக் கண்டதற்குத் தடயம் வேண்டும்.

*

அப்படிக் காண்பவர்கள் இன்னும் இருக்கும் இடம் இந்தக் கிழக்குக் கரை. வைகாசியில் இங்கே கண்ணகை அம்மன் கோயில்களின் திருக்கதவு திறக்கிறது. கும்பம், வேப்பிலை, சிலம்பு, அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திப் பாட்டு. வந்து நிற்கும் ஒரு கிழவிக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. தாரா அப்படி அறியப்பட்ட காலம் ஒன்று இந்தக் கரையிலும் இருந்திருக்கும். கும்பிட்டவர்கள் போனபின் படிமம் மட்டும் மிஞ்சியது.

*

தாரா என்ற முடிவை ஏற்கிறேன். ஆனாலும் பத்தினி என்ற பழைய பெயரை அடியோடு அழித்துவிடக் கூடாது. இந்தத் தீவில் பெண் தெய்வம் என்றதும் யாருடைய பெயர் முதலில் வாயில் வந்தது என்பதற்கு அது சான்று. அருங்காட்சியகப் பலகையில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.