பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் வாய்மை

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் மானுக்குப் பிணை நின்றதை உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாடியுள்ளார். புதுக்கோட்டைச் சீமையில் நாம் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "அத்தா, மான் மெய்யாகவே பேசியதா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்த அறிவிப்பின் வலிமை குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 5,027 பாடல்கள் கொண்ட அக்காவியம் அரபு நாட்டையே தமிழ்நாட்டு வயல்வளத்தோடு வருணிக்கிறது. அது கவியழகு, குற்றமன்று. ஆனால், தம் பெயரால் அறிந்தே பொய்யுரைப்பவருக்கு நரகமே இருப்பிடம் என நபிகளார் எச்சரித்துள்ளார்கள்.

ஆகவே கதையை நிறுத்த வேண்டாம். "புலவர் இவ்வாறு பாடினார்" என்று சேர்த்தே சொல்வோம். குட்டிக்குப் பாலூட்டிவிட்டு, கொடுத்த வாக்கைக் காக்கத் திரும்பி வந்தது அந்த மான். அதன் கதையைச் சொல்லும் நம் நாவு வாய்மை தவறலாமா?