அயலான் சொன்னால்

பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, ஆமோஸ் தீர்க்கதரிசியை அவன் சொந்த நாடான யூதாவுக்கே ஓடிப்போய் அங்கே பேசிப் பிழைத்துக்கொள்ளச் சொல்லி விரட்டினான். ஆமோஸ் தெற்கே தெக்கோவாவில் ஆடு மேய்த்தவன். செல்வம் கொழித்த வடக்கு இஸ்ரவேலுக்கு அவன் அயலான். டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகனும் கிட்டத்தட்ட அமத்சியா மாதிரிதான் பேசுகிறான். அமெரிக்காவைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "இங்க வந்து நாலு வருசம் இருந்து பாருங்கண்ணா, அப்புறம் பேசலாம்" என்பான்.

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த காலமெல்லாம் அமெரிக்கா என் மேஜைமேல்தான் கிடந்தது. பங்குனி வெயிலில் கலைமான் படம் போட்ட கிறிஸ்துமஸ் பைஜாமாவுக்குச் சாம்பிள் தைப்போம், ஆடியில் ஷிப்மென்ட். ஹாலோவீனுக்கென்று பூசணி முகம் அச்சடித்த குழந்தைச் சட்டைகள் வரும். ஒரு ராத்திரி போட்டுக் கழற்றுகிற சட்டைக்கு லேப்-டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துணி, திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படும், ஆரஞ்சு இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்று. எல்லாம் ஒத்துவந்த பிறகு பீஸுக்கு அஞ்சு சென்ட் குறைக்கச் சொல்லி மெயில் வரும். அந்த அஞ்சு சென்ட், செக்கிங் டேபிளில் நின்றபடி நூல் வெட்டும் பெண்ணின் கூலியிலிருந்துதான் கடைசியில் கழியும். கடையில் ஹேங்கரில் தொங்கும் சட்டையை என் தம்பி பார்க்கிறான். அதன் தையல் பக்கத்தை நாங்கள் பார்த்தோம். உலகமயமாக்கலைப் பொறுத்தவரை நாங்கள் வெளியாட்களே அல்ல என்பது என் எண்ணம்.

அதற்காக, தூரத்தில் இருப்பவன் கண்ணுக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன். எகிப்திலிருந்து போன எழுத்தாளர் சையத் குதுப் 1949-இல் கொலராடோவின் கிரீலி நகரில் படித்தார். வீட்டுமுன் புல்தரையைப் பராமரிப்பதில் அந்த மக்கள் காட்டிய அக்கறை, சர்ச் கூடத்தில் நடந்த நடனத்துக்குப் போதகரே விளக்கை மங்கலாக்கியது, எதையும் அவர் கண் தவறவிடவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த அளவுகோல் முழுக்க அவருடையது. கிரீலிக்காரர் ஒருவர் அவர் எழுதியதைப் படித்தால் கோபப்படலாம், சிரிக்கலாம். தன் மனசாட்சி தன்னையே கேட்கிறது என்று உணர வழியில்லை. ஜாஸ் இசையைப் பற்றி எழுதும்போது கறுப்பின மக்கள்மேல் இளக்காரமும் சேர்ந்துவிட்டது.

குன்னர் மிர்தால் கதை வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைமையை ஆராய, நியூயார்க்கின் கார்னெகி கார்ப்பரேஷன் வேண்டுமென்றே அந்த ஸ்வீடன்காரரை அழைத்தது. 1944-இல் வந்த அவருடைய 'ஆன் அமெரிக்கன் டிலெம்மா' அமெரிக்கர்களை ஸ்வீடனோடு ஒப்பிடவில்லை. எல்லோரும் சமம் என்று நீங்களே நம்புகிறீர்களே, பிறகு இது எப்படி என்று அவர்களுடைய நம்பிக்கையை அவர்கள் முன்னாலேயே வைத்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் அந்த நூல் இடம்பெற்றது. ஆனாலும் அவருக்கும் பிடிபடாத ஒன்று இருந்தது. கறுப்பின மக்களின் வாழ்வு முழுவதும் வெள்ளையர் செய்ததற்கு எதிர்வினைதானா, அவர்களாக உருவாக்கியது ஒன்றுமே இல்லையா என்று கறுப்பின எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் கேட்டார். எனக்கு எலிசன் பக்கம்தான் நியாயம். நூல் வெட்டும் பெண்ணை வெறும் பாவப்பட்ட ஜீவனாக எழுதுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு சர்ச்சில் இந்தியாவின் வறுமை பற்றிப் பேசினார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிற்பாடு 1940-களில் சிறையிலிருந்தபடி 'நிலைத்த பொருளாதாரம்' பற்றி ஒரு நூலும், இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றி ஒரு நூலும் எழுதினார். இரண்டும் ஒரே கேள்விதான் என்று நான் படித்தேன். மேற்கத்தியத் திருச்சபையிடம் அவர் கீதையைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் பீடத்திலிருக்கும் சுவிசேஷத்தையே திறந்து காட்டினார். ஒரு பொருளை வாங்குகிறவர் அது உண்டான விதத்துக்கும் பொறுப்பாளி என்பது அவர் வாதம். அப்படியானால் அந்த அஞ்சு சென்ட் வெறும் வியாபாரக் கணக்கல்ல, பாவ புண்ணியக் கணக்கு. அமெரிக்க விசுவாசி ஒருவரால் இதை அயல்நாட்டுப் பேச்சென்று தள்ளிவிட முடியாது.

ஆமோஸும் அதைத்தான் செய்தான். ஏழையை ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு விற்றவர்களை, அவர்களை எகிப்திலிருந்து மீட்ட அதே கடவுளின் பேரால் கேட்டான். இன்னொன்றையும் நான் கவனித்தேன். இஸ்ரவேலிடம் வருவதற்கு முன் சுற்றியுள்ள நாடுகளின் குற்றங்களை அவன் அடுக்கும்போது, தன் யூதாவையும் அதில் சேர்த்தே சொல்கிறான். தன் ஊரை விட்டுவிட்டிருந்தால் அமத்சியாவின் வசவில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும்.

அதனால் தம்பியிடம் பேசும்போது நான் எங்கள் நொய்யல் ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். சாயத்தண்ணீரை அதில் விட்டது அமெரிக்காக்காரன் அல்ல, எங்கள் ஊர் முதலாளிகள். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நாங்கள் நிறுத்தவில்லை. கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லித் தென்மாவட்டப் பெண்களை மில் விடுதிகளில் அடைத்த சுமங்கலித் திட்டமும் நம் ஆட்கள் கண்டுபிடித்ததுதான். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் அஞ்சு சென்ட் மெயிலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன் அவன். குமரப்பாவின் கேள்விக்கு உன் போதகர் என்ன பதில் வைத்திருக்கிறார், கேட்டுச் சொல் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.