கேளாத அழுகை

சிறிய கல்லூரி ஒன்றில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் திரையிட்டார்கள். 1955-ல் வந்த படம். மகள் துர்கா இறந்ததை அறியாத தந்தை அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்ட, தாய் கதறிவிடுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. தார் ஷெனாய் வாத்தியந்தான் ஒலிக்கிறது. நானும் அழுதேன்.

மறுநாள் ஆசிரியர் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி விளக்கினார். “சூட்சுமம் தெரிந்தபின் கண்ணீர் பொய்யாகிவிடாதா, ஸார்?” என்றான் ஒரு மாணவன். கதை எழுதிப் பிழைக்கும் என்னையும் அது சுட்டது.

யோசித்துப் பார்த்தேன். அழுத இரவு நிம்மதியாகத் தூங்கினேன். விளக்கம் கேட்ட இரவுதான், பிள்ளையைப் பறிகொடுத்தும் வாய்விட்டு அழாத எதிர்வீட்டு அம்மாளின் நினைவு வந்தது. ஒரு வருஷமாக அவள் வாசலைத் தாண்டித்தான் போய்வருகிறேன்.

கேளாத அழுகையைக் கேட்கவும் படிப்பு வேண்டியிருக்கிறது, தம்பி!